கல்லாப்பெட்டி: வாக்கு எழுதாத நோட்டு

மூன்று வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஐந்து ரூபாய் நோட்டைப் பற்றி எழுதியபோது, ‘ஒரு ரூபாய் நோட்டின் கதையே வேறு, அதை இன்னொரு நாள் சொல்கிறேன்’ என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்காக இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பலர் நோட்டையே படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். கும்பகோணத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் முப்பத்தாறு ஆண்டுகள் வங்கிக் கவுன்ட்டரில் பணம் எண்ணியவள் நான். என் விரல் பட்ட நோட்டுகளில் எண்ணிக்கையில் மிக அதிகம் இந்தச் சின்ன நோட்டுதான். ஆகவே இந்த வாரம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

அம்மாவுக்கு வணக்கம். ஏழாவது படிக்கும் என் பேரன், பீரோவில் இருந்த பழைய ஒரு ரூபாய் நோட்டைப் பார்த்துவிட்டு, ‘இதில் ரிசர்வ் வங்கி என்றே போடவில்லை, கவர்னர் கையெழுத்தும் இல்லை, இது கள்ள நோட்டா பாட்டி?’ என்று கேட்கிறான். என்ன பதில் சொல்வது?
(மன்னார்குடி வாசகி)

முதலில் பேரனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். பணத்தைக் கையில் வாங்கியதும் பைக்குள் போடாமல் படித்துப் பார்க்கிற பிள்ளைகள் குறைவு.

அவனை உட்காரவைத்து, ஒரு பத்து ரூபாய் நோட்டையும் அந்த ஒரு ரூபாய் நோட்டையும் அருகருகே வைக்கச் சொல்லுங்கள். பத்து ரூபாயில் மேலே பாரதிய ரிசர்வ் வங்கி என்று இருக்கும். நடுவில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு வாக்கு இருக்கும்: இதை வைத்திருப்பவருக்குப் பத்து ரூபாய் தருவதாக நான் உறுதி கூறுகிறேன். அதன் கீழே கவர்னர் கையெழுத்து. இப்போது ஒரு ரூபாயைப் பார்க்கட்டும். மேலே பாரத் சர்க்கார், அதாவது இந்திய அரசு. கையெழுத்து நிதித்துறைச் செயலாளருடையது. வாக்கு எங்கே? முன்னும் பின்னும் தேடினாலும் கிடைக்காது. அதற்குப் பதிலாக ஒரு ரூபாய் நாணயத்தின் படம் இருக்கும்.

அந்தப் படம்தான் விடை. பத்து ரூபாய் நோட்டு என்பது பத்து ரூபாய்க்கான வாக்கு. அப்படியானால் அந்த ரூபாய் எது? நாணயம். ஒரு ரூபாய் நோட்டோ வாக்கு அல்ல, அதுவே ரூபாய். சட்டத்தின் கண்ணில் அது காகிதத்தில் அச்சடித்த நாணயம். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள்: ‘நாணயம்’ என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே இந்திய அரசின் ஒரு ரூபாய் நோட்டும் சேர்ந்திருக்கிறது.

ஆனால் அது பிறக்கும்போது இப்படி இல்லை. முதல் ஒரு ரூபாய் நோட்டு வெளிவந்தது 1917 நவம்பர் 30. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அன்றைய ரூபாய் ஒரு தோலா எடை, ஏறக்குறைய 11.66 கிராம். அதில் பன்னிரண்டு பங்குக்குப் பதினொரு பங்கு வெள்ளி. போரில் வெள்ளி விலை ஏறிக்கொண்டே போனது. ரூபாயை உருக்கினால் ரூபாய்க்கு மேல் கிடைக்கும் என்ற நிலை வந்தால் எந்த ஊரில் நாணயம் கைக்குக் கை புழங்கும்? அரசுக்கு வேறு வழி இல்லை, இங்கிலாந்தில் அச்சடித்துக் காகித ரூபாயைக் கொண்டுவந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த வெள்ளி ரூபாயின் படத்தை அதில் போட்டார்கள். இருபத்தைந்து நோட்டுகளைச் சேர்த்துச் செக் புத்தகம் போலச் சிறு புத்தகமாகக் கொடுத்தார்கள், ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொள்ளலாம். எட்டு இந்திய மொழிகளில் மதிப்பு அச்சாகியிருந்தது, தமிழும் அவற்றில் ஒன்று. அந்த நோட்டில் வாக்கு இருந்தது. கேட்டால் ஒரு ரூபாய் தருகிறேன் என்று அரசு எழுதிக்கொடுத்திருந்தது. அடுத்த சில வாரங்களிலேயே, 1918 ஜனவரியில், இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு என்று ஒன்றும் வந்தது. இரண்டையும் 1926 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள்.

என் அப்பாவின் பாட்டி, நாணயத்தைக் கல்லில் சுண்டி ஒலி கேட்டுத்தான் வாங்குவாராம். ‘காகிதத்தை எதில் சுண்டிப் பார்ப்பது?’ என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை நான் அறியாமை என்று சொல்ல மாட்டேன். வெள்ளி கையில் இருந்தவரை பணத்தின் மதிப்பு கையிலேயே இருந்தது. காகிதம் வந்த பிறகு அது அரசின் சொல்லில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தச் சொல்லை நம்பலாமா என்பதைத்தான் அந்த மூதாட்டி கேட்டிருக்கிறார்.

அந்தச் சொல்லுக்கு 1940-ல் சோதனை வந்தது. இரண்டாம் போர். ஜூன் மாதம் பிரான்ஸ் வீழ்ந்த செய்தி வந்ததும், மக்கள் கையிலிருந்த நோட்டுகளைக் கொடுத்து வெள்ளி ரூபாய் வாங்கிப் பதுக்கத் தொடங்கினார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்க வெள்ளிக்கு எங்கே போவது? தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பதை அரசு குற்றமாக்கியது. அவசரச் சட்டம் போட்டு ஒரு ரூபாய் நோட்டை மீண்டும் கொண்டுவந்தது. இந்த முறை வாக்கு இல்லை. ‘இந்த நோட்டே ரூபாய் நாணயம், எல்லாக் காரியங்களுக்கும் அப்படியே கொள்ள வேண்டும்’ என்றது சட்டம். வெள்ளி ரூபாயிலும் அதே ஆண்டு வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-ல் ரூபாய் முழு நிக்கலாகிவிட்டது.

அப்போது போன வாக்கு திரும்பவே இல்லை. ஆகவே பேரனிடம் சொல்லுங்கள்: இது கள்ள நோட்டு இல்லை கண்ணா, நம் நாட்டில் யாருக்கும் எதையும் தருவதாகச் சொல்லாத ஒரே நோட்டு இதுதான், ஏனென்றால் தருவதாகச் சொல்லும் பொருளே இதுதான்.

மன்மோகன் சிங் கையெழுத்துப் போட்ட ஒரு ரூபாய் நோட்டு தன்னிடம் இருப்பதாக நண்பர் சொல்கிறார். பிரதமராக இருந்தவர் எப்படி நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்க முடியும்?
(ஸ்ரீரங்கம் வாசகர்)

நண்பர் சொல்வது உண்மை. நான் வேலையில் சேர்ந்த 1979-ல் கவுன்ட்டருக்கு வந்த புது ஒரு ரூபாய்க் கட்டுகள் பெரும்பாலும் அவர் கையெழுத்திட்டவைதான். அப்போது அவர் நிதித்துறைச் செயலாளர். பிறகு 1982 முதல் 1985 வரை ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்ததால், அந்தக் கால மற்ற நோட்டுகளிலும் அவர் கையெழுத்து உண்டு. ஒரு ரூபாயில் அரசின் சார்பாகவும், பத்திலும் நூறிலும் வங்கியின் சார்பாகவும் கையெழுத்திட்டவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் நம் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். எஸ். ஜகந்நாதன் இரண்டு பதவியிலும் இருந்தார். நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன் எண்பதுகளின் பிற்பாதியில் ஒரு ரூபாயில் கையெழுத்திட்டு, 1990-ல் கவர்னரானார். இவர்களுக்கு முன் அறுபதுகளில் எஸ். பூதலிங்கம் நிதித்துறைச் செயலாளராக ஒரு ரூபாயில் கையெழுத்திட்டார். அவருடைய மனைவி தமிழில் நாவல்கள் எழுதியவர்.

மன்மோகன் சிங்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு ரூபாய் நோட்டு அச்சடிப்பதை 1994 நவம்பரில் நிறுத்தியபோது நிதியமைச்சராக இருந்தவரும் அவரே. தான் கையெழுத்திட்ட நோட்டின் ஓட்டம் தன் காலத்திலேயே நின்றதை அவர் பார்த்தார்.

என் தாத்தா துபாய், பஹ்ரைன் என்று வியாபாரம் செய்தவர். அவருடைய பெட்டியில் சிவப்பு நிறத்தில் ஒரு ரூபாய் நோட்டு இருக்கிறது. இந்திய அரசு என்றுதான் போட்டிருக்கிறது. எண்ணுக்கு முன் இசட் என்ற எழுத்து. இப்படி ஒரு நோட்டை இங்கே யாரும் பார்த்ததில்லை என்கிறார்கள்.
(காயல்பட்டினம் வாசகர்)

உங்கள் கடிதத்தோடு வந்த படத்தை மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தேன். மனம் நிறைந்துவிட்டது. அது வளைகுடா ரூபாய்.

அந்தக் காலத்தில் குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் எல்லாவற்றிலும் நம் ரூபாய்தான் புழங்கியது. அங்கே தங்கம் வாங்கி இங்கே கடத்திக்கொண்டு வருகிறவர்கள் அதற்கான விலையை ரூபாய் நோட்டாகவே அங்கே கொண்டுபோனார்கள். அந்த நோட்டுகள் திரும்பவும் ரிசர்வ் வங்கிக்கு வந்து அந்நியச் செலாவணி கேட்டு நிற்கும். உள்நாட்டு ரூபாய் எது, வெளிநாட்டு ரூபாய் எது என்று பிரித்தாக வேண்டியிருந்தது. அதற்காக 1959-ல் சட்டத்தைத் திருத்தி, வளைகுடாவில் மட்டும் செல்லும்படி வேறு நிறத்தில் நோட்டு அடித்தார்கள். நூறு, பத்து, ஐந்து ரூபாய் நோட்டுகளை ரிசர்வ் வங்கியும், ஒரு ரூபாயை அரசும் வெளியிட்டன. எண்ணுக்கு முன் இசட் எழுத்து. குவைத் 1961-லேயே சொந்தப் பணத்துக்குப் போய்விட்டது, பஹ்ரைன் 1965-ல். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் மற்றவையும் விலகிக்கொண்டன.

உங்கள் தாத்தாவின் நோட்டு இந்தியாவில் ஒரு கடையிலும் செல்லாமல், இந்தியாவில் அடிக்கப்பட்டு, கடல் தாண்டி மட்டுமே செலவான நோட்டு. நடுவில் ஒரு கிழிசல் இருக்கிறதே, அதை ஒட்ட வேண்டாம். அப்படியே வைத்திருங்கள்.

ஒரு ரூபாய் நோட்டில் காந்தி ஏன் இல்லை?
(கோவில்பட்டி வாசகர்)

ஒரு முறை இருந்தார். 1969-ல் நூற்றாண்டு வந்தபோது வெளியிட்ட ஒரு ரூபாய் நோட்டில், அவர் உருவம் பொறித்த நினைவு நாணயத்தின் படம் இருந்தது. மற்ற நோட்டுகளில் சேவாகிராம ஆசிரமத்தின் முன் அவர் அமர்ந்திருக்கும் படம். ஒரு ரூபாயில் நாணயம்தான் வர வேண்டும் என்பதால், அவரும் நாணயத்தின் வழியாகவே வந்தார்.

ஆனால் உங்கள் கேள்விக்கு இதைவிட ஆழமான பதில் ஒன்று உண்டு. சுதந்திரம் கிடைத்தபின் நோட்டில் மன்னர் தலை இருந்த இடத்தில் யாரைப் போடுவது என்ற பேச்சு வந்தது. முதலில் காந்தியடிகள் என்றுதான் நினைத்தார்கள், வரைபடங்களும் தயாராயின. கடைசியில் சாரநாத்தின் சிங்கத் தூணைத் தேர்ந்தெடுத்தார்கள். 1949-ல் அந்தச் சிங்கங்களோடு வந்த முதல் நோட்டு எது என்று நினைக்கிறீர்கள்? நூறும் இல்லை, பத்தும் இல்லை. இந்த ஒரு ரூபாய்தான். கே.ஆர்.கே. மேனன் கையெழுத்து. வடிவத்தைப் பெரிதாக மாற்றவில்லை. மன்னர் இருந்த இடத்தில் சிங்கங்கள் வந்தன, அவ்வளவே.

1947 ஆகஸ்ட் 15-க்கும் இதற்கும் இடையில் சுதந்திர இந்தியா ஆறாம் ஜார்ஜின் முகம் போட்ட நோட்டைத்தான் செலவு செய்தது. பாகிஸ்தானிலும் அதே நோட்டுதான், பாகிஸ்தான் அரசு என்று மேலே கூடுதலாக அச்சடித்து ஓட்டினார்கள். நாடு பிரிந்த பின்னும் நாசிக் அச்சகத்தின் காகிதம் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. என் அப்பாவுக்கு இந்தச் சிங்க நோட்டின்மேல் தனி மதிப்பு. அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். முதல் சிங்க நோட்டு மண்டிக்கு வந்த நாளில் முதலாளி அதைச் செலவுக்கு விடாமல் கல்லாவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாராம்.

தாத்தா பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். அவர் கொண்டுவந்த பணத்தில் ‘அரை ரூபாய்’ நோட்டுகூட இருக்கிறது. ஜப்பானிய அரசு என்று போட்டிருக்கிறது. மாற்ற முடியுமா?
(காரைக்குடி வாசகி)

முடியாது அம்மா. 1942-ல் பர்மாவைப் பிடித்த ஜப்பான் ராணுவம் அடித்துவிட்ட நோட்டு அது. அதன் எழுத்து வரிசை பி என்று தொடங்கும், பர்மாவுக்கானது என்பதற்கு அடையாளம். கால் ரூபாய், அரை ரூபாய்கூட அடித்தார்கள். 1945-ல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அது வெறும் காகிதமாகிவிட்டது. ஏராளமாக அடித்துக் குவித்ததால் சேகரிப்பவர்களிடமும் பெரிய விலை போகாது. ஆனால் அதோடு தாத்தா வந்த வழியை, எந்த ஊரில் புறப்பட்டார், யாரெல்லாம் உடன் வந்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி அதே உறையில் வையுங்கள். தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

எண்ணெய்க் கிணறு படம் போட்ட ஒரு ரூபாய் நோட்டுக்கு ஏழு லட்சம் தருகிறேன் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். என்னிடம் பதினொன்று இருக்கிறது. விற்கலாமா?
(திண்டுக்கல் வாசகர்)

தயவுசெய்து இந்தப் பதிலை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

அந்தப் படம் சாகர் சாம்ராட். கடலில் எண்ணெய் தேடுவதற்காக ஜப்பானில் கட்டிய துளைக்கப்பல். 1974-ல் பம்பாய் ஹை என்ற கடற்பகுதியில் எண்ணெய் கண்டுபிடித்தது அதுதான். நாட்டின் பெருமை என்று நோட்டின் பின்பக்கம் போட்டார்கள். எண்பதுகளிலிருந்து 1994 வரை அடித்த நோட்டுகளில் அது இருக்கிறது. எத்தனை நோட்டுகள்! நான் ஒருத்தியே நாள்தோறும் கட்டுக் கட்டாக எண்ணியிருக்கிறேன். புழங்கி மடிந்த அந்த நோட்டை ஏழு லட்சத்துக்கு வாங்க யாருக்கும் காரணம் கிடையாது.

என் பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. இதே போன்ற விளம்பரத்தைப் பார்த்துப் போன் செய்திருக்கிறார். எதிர்ப்பக்கத்தில் மரியாதையான குரல். ‘உங்கள் நோட்டு தேர்வாகிவிட்டது, பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்’ என்று முதலில். அனுப்பினார். பிறகு வரி. அதையும் அனுப்பினார். பிறகு ரிசர்வ் வங்கியின் அனுமதிக் கட்டணம் என்று ஒரு கடிதம் வந்தது, முத்திரையெல்லாம் போட்டு. மூன்றாவது முறை அனுப்பியபின்தான் என்னிடம் வந்தார். இரண்டு மாத ஓய்வூதியம் போய்விட்டது. ‘உங்களிடம் முன்பே கேட்டிருக்கலாம்’ என்று அவர் சொன்னபோது அவர் கை நடுங்கியதை நான் மறக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பழைய நோட்டு வாங்குவது விற்பதில் ரிசர்வ் வங்கிக்கு எந்த வேலையும் இல்லை. அதற்காக யாரிடமும் கட்டணமும் கேட்பதில்லை. தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. விற்க வேண்டும் என்றால் நாணய, நோட்டுச் சேகரிப்போர் கூடும் கண்காட்சிக்கு நேரில் போங்கள், நாலு பேரிடம் விலை கேளுங்கள். பொருளை விற்கிறவர் பணம் வாங்க வேண்டுமே தவிர, கொடுக்கக் கூடாது. 786 என்ற எண், வரிசை எண்ணோடு வரும் தனி எழுத்து, இவற்றுக்கெல்லாம் அதிர்ஷ்டம் கற்பிக்கிறவர்களையும் நம்ப வேண்டாம். அந்தத் தனி எழுத்து அச்சடிப்பவர்களின் கணக்குக்காகப் போட்டது.

பெரிய கோயில் படம் போட்ட ஆயிரம் ரூபாய் நோட்டு இருந்ததாமே?
(தஞ்சாவூர் கல்லூரி மாணவி)

இருந்தது. 1954-ல் வந்தது. ஆயிரத்தில் தஞ்சைப் பெரிய கோயில், ஐயாயிரத்தில் பம்பாய் இந்தியா வாயில், பத்தாயிரத்தில் சிங்கத் தூண். 1978 ஜனவரி 16 அன்று மூன்றையும் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த அவசரச் சட்டத்தை எழுதிக்கொடுக்க டெல்லிக்கு ரகசியமாக அழைக்கப்பட்டவர் ரிசர்வ் வங்கி அதிகாரி ஆர். ஜானகிராமன். காலை வானொலிச் செய்தியில்தான் நாட்டுக்கே தெரிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தது அதற்கு அடுத்த ஆண்டு, ஆகவே கோயில் நோட்டை ஒரு முறையும் எண்ணியதில்லை. 2000-ல் ஆயிரம் ரூபாய் திரும்பி வந்தபோது அதில் கோயில் இல்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

மொய்க்கு வைக்கப் புது ஒரு ரூபாய் நோட்டு வேண்டும். இப்போது அடிக்கிறார்களா?
(ஈரோடு வாசகர்)

அடிக்கிறார்கள். இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2015 மார்ச்சில் மீண்டும் வந்தது. பிறகு 2020-லும் புது வடிவம் வந்தது. இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்த நிறம், 9.7 சென்டிமீட்டர் நீளம், 6.3 அகலம். சாகர் சாம்ராட் அப்படியே இருக்கிறது. கவுன்ட்டரில் எப்போதும் கிடைக்காது, உங்கள் கிளையில் கேட்டு வையுங்கள். பழைய ஒரு ரூபாய் நோட்டும் செல்லும், உறையில் அதை வைத்தாலும் மரியாதைக் குறைவில்லை.

அம்மா, என் மாமியார் சேர்த்துவைத்த ஒரு ரூபாய் நோட்டுகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. பலவற்றில் மஞ்சள், குங்குமக் கறை. சில எட்டாக மடிந்திருக்கின்றன. துவைத்து, இஸ்திரி போட்டு, லேமினேஷன் செய்யலாமா?
(சேலம் வாசகி)

மூன்றும் வேண்டாம். லேமினேஷன் செய்த நோட்டைப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஒட்டும் டேப்பும் வேண்டாம், சில ஆண்டுகளில் பசை பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். இஸ்திரிச் சூடு பட்டால் பழைய மையும் காகிதமும் இரண்டுமே கெடும்.

எட்டாக மடிந்த நோட்டு என்றதும் எனக்கு உண்டியல் நினைவு வந்துவிட்டது. எண்பதுகளில் கோயில் உண்டியல் திறக்கும் நாளில் எங்கள் கிளையிலிருந்து நான்கு பேர் எண்ணப் போவோம். மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து, வெண்கல அண்டாவிலிருந்து கொட்டுவார்கள். நாணயத்துக்கு நடுவில் சின்னச் சின்னதாக ஒரு ரூபாய் நோட்டுகள். சிலவற்றைத் தாயத்துப் போலச் சுருட்டி நூல் கட்டியிருப்பார்கள். சிலவற்றுக்குள் விபூதி, மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை. ஒவ்வொன்றையும் நகம் படாமல் பிரித்து, தொடையில் வைத்து நீவி, முகம் ஒரே பக்கமாக அடுக்கி, நூறு சேர்ந்ததும் கட்டுப் போடுவோம். மாலையில் விரல் நுனி சிவந்திருக்கும், எத்தனை முறை கழுவினாலும் குங்கும வாசனை போகாது. அத்தனை முறை மடித்துப் பிரித்தும் அந்த நோட்டு இரண்டாகப் போகாது, கவனித்திருக்கிறீர்களா? அது மரக்கூழ்க் காகிதம் இல்லை, பருத்தி இழை. சட்டைப்பையோடு துவைத்த நோட்டும் உலர்ந்ததும் எழுந்து நிற்பது அதனால்தான்.

ஆகவே நோட்டுகளைத் தண்ணீர் இல்லாமல், சுத்தமான உலர்ந்த கையால் மெதுவாகப் பிரியுங்கள். இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் வையுங்கள். ஒரு மாதம் பொறுங்கள், மடிப்பு தானே தணியும். பிறகு மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறையில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். கடைகளில் விற்கும் மலிவான பிவிசி உறையிலிருந்து கசியும் ரசாயனம் நாளடைவில் நோட்டைப் பிசுபிசுப்பாக்கும். அந்துருண்டை வேண்டாம். ஈரமில்லாத அலமாரி போதும். ஸ்டேப்லர் ஓட்டை இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். 2001-ல் ரிசர்வ் வங்கி ஸ்டேபிள் போடுவதை நிறுத்தச் சொல்லும்வரை எல்லாக் கட்டுகளிலும் கம்பி அடித்துத்தான் கொடுத்தோம். அந்த ஓட்டை அந்த நோட்டு வங்கிக்குப் போய் வந்த வழியைக் காட்டுகிறது.

மஞ்சள் கறையைத் தொடவே வேண்டாம். என் அப்பா விட்டுப்போன நோட்டுகளில் ஒன்று இப்போது மேசையில் இருக்கிறது. வெங்கிடரமணன் கையெழுத்து, பின்பக்கம் நாணயமும் துளைக்கப்பலும். மொழிகளின் வரிசையில் ‘ஒரு ரூபாய்’ என்ற தமிழ் எழுத்தின்மேல் சரியாக அப்பாவின் கட்டை விரல் அகலத்துக்கு மஞ்சள் படிந்திருக்கிறது. ஆயுதபூஜையன்று கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வைத்துப் பொட்டிட்ட நோட்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கறைக்குள் ரேகைகள்கூடத் தெரிகின்றன.